ஏரிகளைப் பற்றிய ஏடுகள்



உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து சேலம் செல்லும் நெடுஞ்சாலையில், வடகிழக்குப் பருவமழை வஞ்சனையின்றிப் பெய்து ஓய்ந்த ஒரு கார்த்திகை மாதத்துக் காலை வேளையிலே மேற்கு நோக்கிப் பயணம் செய்கிற ஒருவர், எலவனாசூர்கோட்டையைத் தாண்டித் தியாகதுருகம் போய்ச் சேர்வதற்குள், சாலைக்கு இப்புறமும் அப்புறமுமாக எத்தனை ஏரிகளைக் கண்டோம் என்று எண்ணத் தொடங்கினால், பாதி வழியிலேயே கணக்குத் தவறிவிடுவார். மேலூர் ஏரி நிரம்பிக் கோடி போனால் அந்தத் தண்ணீர் கீழூர் ஏரிக்கு வரத்து. கீழூர் ஏரி கோடி போனால் அதற்கும் கீழே ஒரு சித்தேரிக்கு வரத்து. இப்படி ஒன்றின் மிச்சம் மற்றொன்றின் ஜீவனமாக, கல்வராயன் மலையடிவாரத்திலிருந்து கிழக்கே கடல் வரையிலும் சரிந்து கிடக்கின்ற பிரதேசம் இது. வடக்கே தென்பெண்ணை, கிழக்கு நோக்கி நெளிந்து செல்லும் கெடிலம், மேற்கிலே கல்வராயனில் பிறந்து வரும் கோமுகியும் மணிமுத்தாறும். இவற்றுக்கு நடுவே உள்ள மேட்டு நிலத்தில் பெய்கிற மழையை மறித்து மறித்துத் தேக்கி வைப்பதற்காக, பெயர் தெரியாத முன்னோர்கள் மண்ணால் கட்டிய கரைகளே நாம் இன்று காணும் ஏரிகள்.

இந்த ஏரிகளின் சரித்திரத்தையும் இவற்றுக்கு நீர் கொணரும் வழிகளையும் படித்துத் தெரிந்துகொள்ள ஏதாவது புத்தகம் உண்டா என்று சில நாட்களுக்கு முன் கல்லூரியில் படிக்கும் பிள்ளை ஒருவன் என்னைக் கேட்டான். உண்டு என்றேன். கேள்வி அத்துடன் முடிந்தது, பதில் முடியவில்லை. எந்தப் புத்தகத்தின் பெயரைச் சொன்னாலும் அதை ஒட்டியே ஒரு குறையையும் சொல்லவேண்டியிருந்தது. அந்தப் பதிலின் மிச்சம்தான் இன்றைய என் பேச்சு.

நமது பக்கத்து ஏரிகளைப் பற்றிய ஆதி ஏடு காகிதத்தில் இல்லை, கல்லில் இருக்கிறது. எலவனாசூரில் உள்ள சிவாலயத்துச் சுவர்களில் சோழர் காலத்துச் சாசனங்கள் நிறைய உண்டு. இன்று கிராமார்த்தநாதர் என்று வழங்கும் அந்த ஸ்வாமிக்குச் சாசனங்களில் ஊர்ப்பாகங்கொண்ட மகாதேவர் என்பது திருநாமம். ஊரில் பாகத்தைத் தமக்கென்று கொண்டவர் என்ற தெளிவான தமிழைக் கிராமம் என்றும் அர்த்தம் என்றும் மொழிமாற்றி வைத்த பிற்காலத்தவர்களுக்கு என்ன அவசரமோ, தெரியவில்லை. அது கிடக்கட்டும். கடவுளே ஊரில் பங்குதாரராக இருந்த காலத்தில், நிலத்துக்கு எல்லை சொல்ல வந்த சாசனம் வாய்க்காலைச் சொல்லாமல் இருக்க முடியாது. இன்ன வாய்க்காலுக்குத் தெற்கு, இன்ன மடைக்குக் கிழக்கு, இன்ன ஏரியின் நீர்கோளுக்கு மேற்கு என்ற ரீதியில்தான் சோழர் காலத்துச் சாசனங்கள் நான்கெல்லை சொல்லும். தானத்தைப் பதிவு செய்வதே எழுதியவனுடைய நோக்கம். ஆனாலும், அவன் தன்னை அறியாமலேயே அக்காலத்து நீர்வழிகளுக்கு ஒரு படம் வரைந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

ஏரிப் பராமரிப்பை அக்காலத்தவர்கள் எவ்வளவு சிரத்தையோடு நடத்தினார்கள் என்பதற்கு உத்திரமேரூரில் உள்ள பராந்தக சோழனின் 919, 921-ஆம் ஆண்டுச் சாசனங்களே போதிய சாட்சி. குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களுள் ஏரி வாரியம் என்று தனியாக ஒன்று இருந்தது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரின் பெயரையும் அவருடைய உறவினர் பெயரையும் பிறகு குடத்தில் இடக்கூடாது என்பது விதி. இந்த ஒரு விதியை மட்டும் இக்காலத்திலும் அனுசரித்தால் எத்தனை ஊர்களில் ஆள் கிடைப்பார்கள் என்ற சந்தேகம் எனக்கு உண்டு. ஏரிப் பராமரிப்புக்கென்று விட்ட நிலத்துக்கு ஏரிப்பட்டி என்று பெயர். தூர் எடுக்கவும் மண் சுமக்கவும் ஓடம் வைத்திருந்த செய்தியும் சாசனங்களில் வருகிறது. ஆனால், இவை புத்தகமாக வந்தபோது பண்டிதர்களுக்கென்றே வந்தன. 1890-இல் முதல் தொகுதி வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளைக் கையில் எடுக்கும் ஒரு விவசாயி, தன் ஊர்ப் பெயரைக்கூடத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் களைத்துப்போவான்.

சேக்கிழாரையும் நான் இந்த வரிசையில் சேர்ப்பேன். பெரிய புராணத்தை நீர்வழிகளின் நூல் என்று சொன்னால் சிலர் முகம் சுளிக்கலாம். ஆனால் சுந்தரர் பிறந்த திருநாவலூர் நமக்கு அண்டையில் உள்ள ஊர். அப்பர் பெருமான் சூலை நீங்கப்பெற்ற அதிகை வீரட்டானம் கெடிலக் கரையில் உள்ள தலம். திருமுதுகுன்றத்தில் பெற்ற பன்னீராயிரம் பொன்னை மணிமுத்தாற்றிலே இட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்திலே எடுத்துக்கொண்ட சுந்தரர் கதையோ, ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்று பாட்டிமார்களின் பேச்சு வரையிலும் இறங்கிவிட்ட ஒன்று. அந்த மணிமுத்தாறுதான் கோமுகியையும் சேர்த்துக்கொண்டு, விருத்தாசலத்தைக் கடந்து, கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு கலக்கிறது. இரண்டு ஆறுகள் கூடுகிற இடம் என்பதை ஊர்ப் பெயரே சொல்லிவிடுவதால் அங்கே வேறு சரித்திர ஆசிரியர் வேண்டியதில்லை.

இனி, வெள்ளைக்காரர்கள் எழுதிய ஏடுகளுக்கு வருகிறேன். பதினெட்டாம் நூற்றாண்டின் கர்நாடக யுத்தங்களை எழுதிய ராபர்ட் ஆர்ம் என்பவருடைய பெரிய கிரந்தத்தில் எலவனாசூர்க் கோட்டையும் வருகிறது, போர்க்களமாக. அதற்கு மேல் அவரிடம் நமக்கு வேலை இல்லை. தென்னாற்காடு ஜில்லாவைப் பற்றி 1878-இல் கார்ஸ்டின் எழுதிய மானுவலும், 1906-இல் பிரான்சிஸ் எழுதிய கெஜட்டீரும்தான் நாம் உட்கார்ந்து படிக்கவேண்டியவை. தாது வருஷத்துப் பெரும் பஞ்சம் 1876-இல் தொடங்கி இரண்டு வருஷம் இந்த ராஜதானியை உலுக்கிய கையோடு வெளிவந்தது கார்ஸ்டினுடைய புத்தகம். பிரான்சிஸ் அவரைவிட நல்ல எழுத்தாளர். பல்லாரி, மதுரை, நீலகிரி என்று பல ஜில்லாக்களுக்கு எழுதிப் பழகிய கை. ஒவ்வோர் ஆற்றையும் உற்பத்தியிலிருந்து சங்கமம் வரையில் கூடவே நடந்து வந்தவரைப்போல வருணிப்பார், அணைக்கட்டுகளைச் சொல்வார், கல்வராயன் மலையை ஆண்ட ஜாகீர்தார்களின் வழக்கங்களைக்கூட விட்டுவைக்க மாட்டார்.

இவ்வளவும் இருந்தும் அந்தப் புத்தகங்களைப் படித்து மூடும்போது மனம் நிறைவதில்லை. அவை கச்சேரி நாற்காலியில் அமர்ந்து எழுதப்பட்டவை. ஏரி என்றதும் அவற்றின் கண்ணுக்கு முதலில் தெரிவது ஆயக்கட்டு. ஆயக்கட்டு என்றதும் தீர்வை. நீர் எங்கிருந்து வருகிறது என்பதைவிட அது எத்தனை ஏக்கரில் எத்தனை ரூபாயாக மாறுகிறது என்பதே அந்த ஆசிரியர்களுக்குத் தலையாய விஷயம். அதற்காக அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். சம்பளம் கொடுத்தவர்கள் கேட்டதை அவர்கள் எழுதினார்கள். நாம் கேட்கவேண்டியதை நாம் எழுதாமல் இருந்ததுதான் குறை.

அதே துரைத்தன காலத்தில், யாரும் இலக்கியம் என்று நினையாத, அச்சிலே பெருவாரியாகப் பரவாத ஏடுகள் சில உண்டாயின; என் அபிப்பிராயத்தில் ஏரிகளைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் அவையே தலை சிறந்தவை. பஞ்சத்தின் பாடத்தை உணர்ந்து 1883-இல் சென்னை ராஜதானியில் ஏரிப் புனருத்தாரணத் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. அதன்படி சர்வே கோஷ்டிகள் ஊர் ஊராகச் சென்று, ஒவ்வோர் ஏரிக்கும் தனித்தனியே ஒரு குறிப்பேடு தயாரித்தன. நீர்பிடிப்பு எவ்வளவு சதுர மைல், கரை எவ்வளவு நீளம், எவ்வளவு உயரம், மதகுகள் எத்தனை, ஒவ்வொரு மதகின் அடிமட்டமும் எந்த அளவில் இருக்கிறது, கலிங்கு எவ்வளவு அகலம், மிகுதி நீர் எந்த ஏரிக்குப் போகிறது, மேலே உள்ள எந்த ஏரியிலிருந்து வருகிறது என்பன போன்ற விவரங்கள் எல்லாம் அவற்றில் அடங்கும். படிப்பதற்கு ருசி இல்லாத எழுத்துத்தான். ஜாதகக் கட்டத்தைப்போல வெறும் எண்களும் பெயர்களும். ஆனால் ஜாதகத்தைப் படிக்கத் தெரிந்தவனுக்கு ஒரு மனிதனின் வாழ்வு முழுவதும் அதில் தெரிவதைப்போல, அந்தக் குறிப்பேட்டைப் படிக்கத் தெரிந்தவனுக்கு, கலிங்கை அரை அடி உயர்த்திக் கட்டினால் மேலூரில் யாருடைய நஞ்சை மூழ்கும், அரை அடி இடித்தால் கீழூரில் யாருடைய போகம் கருகும் என்பதெல்லாம் தெரிந்துவிடும். கோர்ட்டுகளில் எத்தனையோ ஏரி வழக்குகள் இந்த அரை அடியைப் பற்றியவையே.

ஏரிகளின் சரித்திரத்தைச் சாமானிய ஜனங்களின் மனத்தில் பதிய வைத்த பெருமை மட்டும் இவற்றுள் ஒன்றுக்கும் கிடையாது. அது ஒரு தொடர்கதைக்குக் கிடைத்தது. 1950-இல் கல்கி பத்திரிகையில் தொடங்கிய ‘பொன்னியின் செல்வ’னை அதன் ஆசிரியர் அரண்மனையில் ஆரம்பிக்கவில்லை, ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று, பராந்தகன் காலத்து வீரநாராயண ஏரியின் கரையில் ஆரம்பித்தார். நம்முடைய பழைய தென்னாற்காட்டைச் சேர்ந்த அந்த வீராணம் ஏரியைக் கண்ணால் காணாதவர்கள்கூட, அதன் கரைமீது ஒரு குதிரை வீரன் போனான் என்று நேரில் பார்த்தவர்களைப்போலப் பேசுகிறார்கள். கொள்ளிடத்துக் கீழணையிலிருந்து வடவாறு வழியாக அந்த ஏரிக்குத் தண்ணீர் வருவதையும், 2004 முதல் அங்கிருந்து சென்னைக்குக் குடிநீர் போவதையும் அவர்களுள் எத்தனை பேர் அறிவார்களோ! கதையின் பலமும் பலவீனமும் அதுவே.

பிற்காலத்திலும் நல்ல நூல்கள் வராமல் இல்லை. சிட்டியும் ஜானகிராமனும் காவேரியோடு பயணம் செய்து எழுதிய ‘நடந்தாய் வாழி காவேரி’ இருக்கிறது. தேசம் முழுவதிலும் உள்ள பழைய நீர்த்தேக்க முறைகளைத் தொகுத்து, அனில் அகர்வாலும் சுனிதா நரைனும் 1997-இல் வெளியிட்ட ஆங்கிலப் பெருநூலில் தமிழ்நாட்டு ஏரிகளுக்கும் உரிய இடம் உண்டு. தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரி குளங்கள் என்று எல்லோரும் எடுத்தாளும் கணக்கையும் நாம் கேட்டிருக்கிறோம். 39,000 என்பது கேட்பதற்குப் பெரிய தொகைதான். ஆனால் அதில் உங்கள் ஊர் ஏரி எங்கே இருக்கிறது?

இங்கேதான் நான் அந்தப் பிள்ளைக்குச் சொன்ன குறை வருகிறது. கச்சிராயபாளையத்துக்கு அருகே கோமுகி அணை 46 அடி, கள்ளக்குறிச்சிக்கு அண்மையில் மணிமுத்தா அணை 36 அடி என்பதைப் பத்திரிகை படிக்கும் எவரும் சொல்லிவிடுவார். அணை திறந்த பிறகு எந்த வாய்க்காலில் எத்தனை நாள் முறை, பற்றாக்குறைக் காலத்தில் கடைமடைக்காரனுக்கு முதல் தண்ணீரா, தலைமடைக்காரனுக்கு முதல் தண்ணீரா என்பது எந்த அச்சுப் புத்தகத்திலும் கிடையாது. அதைச் சொல்லக்கூடியவர் நீர்க்கட்டி ஒருவர்தான். சில ஊர்களில் அவரைக் கம்புகட்டி என்பார்கள். சில ஊர்களில் மடையன் என்றே பெயர். மடையைத் திறந்து மூடுகிற, வெள்ளத்தில் மூழ்கி உயிரைப் பணயம் வைத்த ஒரு தொழிலின் பெயர் இன்று ஒரு வசைச்சொல்லோடு ஒத்து ஒலிப்பதைப் பற்றி இன்னொரு நாள் பேசவேண்டும்.

சிறுவயதில் எனக்குத் தெரிந்த ஒரு நீர்க்கட்டித் தாத்தா, எழுதப் படிக்கத் தெரியாதவர், ஏரியின் உள்வாயில் நட்டிருந்த ஒரு கல்லில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு, “இந்தத் தண்ணி தை பாதி வரைக்கும் தாங்கும், சின்ன மடைக்காரங்களை வேர்க்கடலை போட்டுக்கச் சொல்லு” என்பார். சொன்னபடியே நடக்கும். அவரிடம் யாரும் ஏன் என்று கேட்டதில்லை, நானும் கேட்கவில்லை. அவர் போனபோது அந்தக் கல்லின் கணக்கும் போய்விட்டது. பிறகு ஆழ்துளைக் கிணறுகள் வந்தன. நீர்க்கட்டிக்குக் கூலியாகக் கதிர்க்கட்டு கொடுப்பது பல ஊர்களில் நின்றது. வரத்து வாய்க்கால்களில் சீமைக்கருவேல் மண்டியது. ஊராரே ஏரி வாய்க்கால்களைச் செப்பனிடும் குடிமராமத்துக்கென்று 1858-ஆம் வருஷத்திலேயே சட்டம் போட்ட அரசாங்கமும் உண்டு. 2017 முதல் அதே பெயரில் திட்டம் நடத்திய அரசாங்கமும் உண்டு. தூர் வாரினார்கள். ஆனால் வாரிய இடங்களுக்கு என்ன பெயர் என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

தென்னாற்காடு என்று அட்டையில் பெயர் பொறித்த அந்தப் பழைய புத்தகங்களின் ஜில்லாவே இப்போது இல்லை. 1993-இல் அது இரண்டாகப் பிரிந்து விழுப்புரம் உண்டாயிற்று. 2019-இல் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்தது. புதிய ஜில்லாவுக்கு ஒரு புதிய நூல் வேண்டும். அதை ஒரு பெரிய பண்டிதர் வந்து எழுதுவார் என்று காத்திருக்கவேண்டியதில்லை.

கேட்டுக்கொண்டிருக்கும் இளைஞர்களை, விசேஷமாக எலவனாசூர்கோட்டை, தியாகதுருகம், உளுந்தூர்ப்பேட்டைப் பக்கத்துப் பிள்ளைகளை, நான் கேட்டுக்கொள்வது இது. வருகிற கார்த்திகையில் உங்கள் ஊர் ஏரி கோடி போகும்போது, நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஊரிலே மிச்சமிருக்கும் ஒரு பெரியவரையும் அழைத்துக்கொண்டு, அந்தத் தண்ணீரோடு கீழ்நோக்கி அடுத்த ஏரி வரையில் நடந்து போங்கள். வழியில் உள்ள ஒவ்வொரு மடைக்கும், ஓடைக்கும், மேட்டுக்கும் அவர் சொல்லுகிற பெயரை அவர் சொல்லுகிறபடியே எழுதிக்கொள்ளுங்கள், திருத்த வேண்டாம். எழுதியதில் ஒரு பிரதியை ஊர் நூலகத்தில் கொடுத்துவிடுங்கள். பெரியவருக்கு நடக்க முடியாவிட்டால் வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள். அவரை அடுத்த கார்த்திகைக்கு விட்டுவைக்காதீர்கள்.