தனுக்கோடியும் பரதவர் வாழ்வும்



இராமேசுவரத் தீவின் தென்கீழ்க் கோடியில், வங்கக் கடலும் மன்னார்க் குடாவும் கலக்கும் முனைக்கு அருகே உள்ள சிற்றூர் தனுக்கோடி. ஈண்டுச் சேதுவில் நீராடி, மணலை முகந்து சென்று கங்கையில் இடுவதும், கங்கைநீர் கொணர்ந்து இராமநாதப் பெருமானுக்கு ஆட்டுவதும் அடியார் மரபு.

1914ஆம் ஆண்டிற் பாம்பன் பாலம் அமைந்தபின் புகைவண்டி இவ்வூர்வரை வந்தது. பயணிகள் இங்கே கப்பலேறித் தலைமன்னார் சென்றனர். புகைவண்டி நிலையமும் அஞ்சலகமும் தேவாலயமும் கொண்டு ஊர் பொலிந்தது. 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு எழுந்த புயல் அனைத்தையும் அழித்தது. பாம்பனிலிருந்து வந்த வண்டியை, நூற்றுக்கு மேற்பட்ட பயணிகளோடு கடல் கொண்டது. குடியிருத்தற்குத் தகாத இடமென அரசு அறிவித்தது, இருப்புப்பாதையும் கைவிடப்பட்டது.

ஆயினும் மீன்பிடித்து வாழும் மக்கள் மீண்டு வந்து ஓலைக்குடில் அமைத்தனர். இருபுறமும் உவர்க்கடல், குடிநீர் யாங்ஙனம் கிட்டிற்று? மணலில் ஊற்றுத் தோண்டினர், நன்னீர் சுரந்தது. மணலூடு இறங்கிய மழைநீர், எடை குறைந்ததாகலின், கீழுள்ள உவர்நீரின்மேல் தங்கி நிற்கும். ஆழத் தோண்டின் உப்பு. அளவறிந்து தோண்டின் அமுது. இவ்வறிவு அம்மக்களின் செல்வம்.

2017ஆம் ஆண்டில் அரிச்சல்முனைவரை சாலை அமைந்தது. அன்றுமுதல் வருவோர் பெருகினர். அவருட் பலர் கூரையற்ற தேவாலயத்தைப் படம்பிடித்து, முனையைக் கண்டு, குடில்களைக் காணாமலே திரும்புகின்றனர். இடிந்த சுவரைக் கண்டு இரங்கும் நெஞ்சம், இருக்கும் மனிதரைக் காணாது செல்லுதல் முறையாகுமா?

நாகையில் நுளையர் தலைவராய் விளங்கிய அதிபத்த நாயனாரை எண்ணுமின். நாள்தோறும் ஒரு மீனைச் சிவபெருமானுக்கென்று கடலில் விடுவது அவர் நியமம். ஒரே மீன் அகப்பட்ட நாட்களிலும், சுற்றம் பசித்திருப்ப, அதனையே விட்டார். பொன்மீன் வந்தபோதும் தயங்கினாரல்லர். வலைஞர் ஒருவரை அறுபத்துமூவருள் வைத்து வணங்கும் நமக்கு, வலைவீசி வாழ்வார் எவரும், அவர் சமயம் எதுவாயினும், அயலார் ஆகார்.

ஆதலின், சேது செல்வோர் ஊற்றருகே குப்பை இடாதொழிக. அவர் விற்கும் மீனுக்கும் சங்குக்கும் உரிய விலை கொடுக்க. குடில்வாயிலில் நின்று நலம் உசாவுக. மணலை மட்டும் முடிந்து வருதல் யாத்திரையிற் பாதியே; அம்மணலை நம்பி வாழ்வாரையும் நினைந்து வருதலே நிறைவு.

திருச்சிற்றம்பலம்.