சொல் ஒன்று, பொருள் இரண்டு



பல ஆண்டுகளுக்கு முன், எங்கள் தோட்டப் பள்ளியில் ஒரு சிறுவன் மூச்சிரைக்க ஓடி வந்து, “சார், தாலி அறுந்துபோச்சு!” என்றான். அபசகுனமாகப் பேசுகிறானே என்று பிரம்பால் ஓர் அடி வைத்துவிட்டேன். வெளியே வந்து பார்த்தால், கொடிக் கம்பத்தின் கயிறு அறுந்து தொங்குகிறது. மலாயில் கயிறுக்குப் பெயர் ‘தாலி’ அல்லவா? மலாய்ப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவன் அவன். தவறு என்னுடையது.

இத்தகைய சங்கடம் நேரக்கூடிய கிராமங்கள் ஜாவாத் தீவில் உண்டு. அத்தீவின் மேற்கே சுண்டா மொழி; நடுவிலும் கிழக்கிலும் ஜாவா மொழி. பிரெபெஸ், சிலாச்சாப் மாவட்டங்களில் இரண்டும் சந்திக்கின்றன. பள்ளியிலோ, மலாயிலிருந்து வளர்ந்த இந்தோனேசிய மொழி.

இவை ஒரே மொழிக் குடும்பம். நெல் நமக்குத் தெரிந்த மலாயில் ‘பாடி’, ஜாவாவில் ‘பாரி’, சுண்டாவில் ‘பாரே’. ஐந்து எல்லாவற்றிலும் ‘லீமா’தான்.

ஆனால் ‘கெடாங்’ என்று கேட்டுப் பாருங்கள். ஜாவாக்காரர் வாழைப்பழம் தருவார். சுண்டாக்காரர் பப்பாளி தருவார். இது சிரித்துவிட்டுப் போகக்கூடியது.

சில சொற்கள் மனத்தைப் புண்படுத்தும். சுண்டாவில் தண்ணீர் ‘சாயி’. அதுவே சுருங்கி, ஊர்ப் பெயர்களில் ‘சி’ என நிற்கிறது. ‘சியாமிஸ்’ என்றால் இனிய நீர். அந்த ‘ஆமிஸ்’ ஜாவாவில் மீன் கவிச்சை! தேநீரை ‘ஆமிஸ்’ என்று விருந்தாளி புகழ்ந்தால், கொடுத்தவள் முகம் என்னவாகும்?

‘டாஹார்’ என்றால் சாப்பிடுதல். சுண்டாவில் தோழர்களுக்குள் பேசும் சாதாரணச் சொல். ஜாவாவில் பெரியவர்களுக்கு மட்டுமே உரிய மரியாதைச் சொல். சுண்டாச் சிறுவன் தன்னைப் பற்றி அப்படிச் சொன்னால், ‘நான் உண்டருளினேன்’ என்றது போல ஜாவாக்காரர் காதில் விழும்.

‘பூடாக்’ நம் மலாயிலும் சுண்டாவிலும் குழந்தை. இந்தோனேசிய மொழியில் அடிமை. தாய் அன்போடு அழைப்பது, அயலார் காதில் ஏச்சாகிவிடும்.

ஆகவே பெற்றோர்களே, பல மொழி பேசுவது குற்றமன்று. பொருள் கேட்குமுன் கோபிப்பதே குற்றம். பிள்ளை புதுச் சொல் ஒன்றைச் சொன்னால் கையை ஓங்காதீர்கள். “அதற்கு என்ன பொருள், கண்ணு?” என்று கேளுங்கள். அன்று நான் கேட்கவில்லை.