வாங்குவோரின் கடமை

(ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாம் எல்லோரும் ஏதேனும் ஒரு கொள்கையைப் போற்றுகிறவர்கள். ஏழைகள் வாழவேண்டும், கிராமத் தொழில்கள் வளரவேண்டும், உழைப்பவருக்கு நியாயம் கிடைக்கவேண்டும் என்று நாம் மேடையில் பேசுகிறோம். பேசி முடித்து இறங்கியதும் கடைக்குச் செல்கிறோம். களத்து மேட்டிற்குச் செல்கிறோம். கடையில் பேரம் பேசும்போதும், களத்தில் கூலி அளக்கும்போதும் அந்தக் கொள்கை நம்முடன் வருகிறதா என்பதையே இன்று ஆராய விரும்புகிறோம்.

இதைப்பற்றி ஆழ்ந்து சிந்தித்தவர் நம் தஞ்சாவூரில் 1892-ஆம் ஆண்டில் பிறந்த ஜே. சி. குமரப்பா அவர்கள். லண்டனில் கணக்கியல் பயின்று, பம்பாயில் தணிக்கையாளராகத் தொழில் நடத்தி, பிறகு காந்தியடிகளிடம் வந்து சேர்ந்தார். 1934-ஆம் ஆண்டில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கம் தோன்றியபோது அதை நடத்தும் பொறுப்பை ஏற்றார். பிற்காலத்தில் மதுரையை அடுத்த தே. கல்லுப்பட்டியில் காந்தி நிகேதன ஆசிரமத்தில் வாழ்ந்தார்; 1960-ஆம் ஆண்டில் மறைந்தார். கணக்கு எழுதத் தெரிந்த அந்த மனிதர், விலைச் சீட்டில் எழுதப்படாத கணக்கு ஒன்று உண்டு என்று நமக்குக் காட்டினார்.

ஒரு டப்பா கோகோவை அவர் உதாரணமாக எடுத்துக்கொண்டார். ஆப்பிரிக்கத் தோட்டத்தில் கட்டாய வேலை வாங்கி அதை விளைவித்திருந்தால், பிற இடங்களில் குறைந்த கூலி கொடுத்து அதைப் பக்குவம் செய்திருந்தால், அந்த டப்பாவை விலை கொடுத்து வாங்குகிறவரும் அத்தீமைகளில் ஒரு பங்கை ஏற்கிறார் என்பது அவர் வாதம். பொருள் வெகு தூரத்திலிருந்து வந்தால் அதன் பூர்வீகத்தை விசாரிக்க நம்மால் இயலாது. பக்கத்துத் தெருவில் செய்த பொருளாயின் விசாரிக்கலாம். செக்காட்டுபவரையும், பானை வனைபவரையும், பாய் முடைபவரையும் நாம் அறிவோம். அவர்கள் வீட்டு அடுப்பு எரிகிறதா என்பதும் நமக்குத் தெரியும். கிராமப் பொருளை வாங்குங்கள் என்று குமரப்பா கூறியதற்கு இந்த நெருக்கம் ஒரு முக்கிய காரணம்.

ஆனால் கிராமப் பொருள் என்பதனால் மட்டும் அது நியாயமான பொருளாகிவிடுமா? இந்தக் கேள்வி கதர் இயக்கத்திற்குள்ளேயே எழுந்தது. அந்த வரலாறு நமக்கு நல்ல பாடம்.

அகில இந்திய நூற்போர் சங்கம் 1925-ஆம் ஆண்டில் பாட்னாவில் நிறுவப்பட்டது. கதர் பரவவேண்டுமானால் மில் துணியுடன் விலையில் போட்டியிட வேண்டும் என்று தொண்டர்கள் எண்ணினர். ஆகவே விலையைக் குறைக்க இயன்ற வழிகளையெல்லாம் தேடினர். கதரின் அடக்க விலையில் குறைக்க எளிதாயிருந்தது எது? நூற்கும் பெண்ணின் கூலிதான். பஞ்சு வியாபாரியிடம் குறைத்துக் கேட்டால் அவர் வேறு இடத்தில் விற்றுக்கொள்வார். நூற்கும் ஏழைப் பெண்ணுக்கோ வேறு வேலை கிடையாது, கொடுத்ததைப் பெற்றுக்கொண்டாள். ஒரு நாள் முழுதும் இராட்டினம் சுற்றினாலும் ஓரிரு அணாக்களே அவளுக்குக் கிடைத்தன. அவளுக்குச் சேவை செய்வதற்காகத் தோன்றிய இயக்கம், அவள் வயிற்றை வாட்டியே விலையைக் குறைத்து வந்தது.

இதைக் காந்தியடிகள் 1935-ஆம் ஆண்டில் வெளிப்படையாக எடுத்துரைத்தார். எட்டு மணி நேர வேலைக்கு எட்டணா, அதாவது அக்கால ரூபாயில் பாதி, கிடைக்கவேண்டும் என்பதை இலட்சியமாக வைத்தார். கதர் விலை ஏறிவிடுமே, விற்பனை குன்றுமே என்று அனுபவம் மிக்க தொண்டர்களே அஞ்சினர். அந்த அச்சம் வீண் அச்சம் என்று நாம் சொல்லமாட்டோம். விற்பனை குறைந்தால் நூற்பவளின் வேலையும் அல்லவா குறையும்? ஆயினும் அவ்வாண்டு அக்டோபரில் வார்தாவில் சங்கம் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. எட்டு மணி நேரம் திறமையாக நூற்பவருக்குக் குறைந்த அளவு உணவுக்கும் உடைக்கும் போதுமான கூலி கிடைக்கவேண்டும் என்பது அதன் சாரம். முதலில் வயிற்றுக்கு வேண்டியதைக் கணக்கிட்டுக் கூலியை வகுப்பது, பிறகு கூலியைக் கொண்டு விலையை வகுப்பது என்று கணக்கின் வரிசையே மாறியது. எட்டணா இலட்சியம் உடனே கைகூடவில்லை; கூலி படிப்படியாகவே உயர்ந்தது. கூடுதல் விலையைத் தாங்கும் கடமை கதர் உடுத்துவோரின் தோள்மீது வந்தது.

இப்போது உங்கள் மனத்தில் எழும் ஆட்சேபத்தை நாம் அறிவோம். "உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது என்பது பழமொழி. எங்கள் நெல்லுக்கே கட்டுப்படியான விலை இல்லை. நாங்கள் எங்கிருந்து கூலியை உயர்த்துவது?" என்று நீங்கள் கேட்கலாம். இது நியாயமான கேள்வி. உழவர் ஒரு கையால் உழைப்பை வாங்குகிறார். மறு கையால் விளைச்சலை விற்கிறார். விற்கும்போது தமக்கு நேரும் அநியாயத்தை அவர் நன்றாக உணர்கிறார். தக்காளியையும் வெங்காயத்தையும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டு வெறுங்கையுடன் வீடு திரும்பிய நாளை எந்த உழவரும் மறப்பதில்லை. அன்று அவர் பட்ட அதே வேதனையைத்தான் கூலி குறைந்த நாளில் களையெடுத்த பெண்ணும் படுகிறாள். நமக்கு வேண்டும் என்று நாம் கேட்கும் நியாயத்தை அவளுக்கும் கொடுத்தால்தான் நம் கோரிக்கைக்கு வலிமை பிறக்கும்.

இதைத் தனி ஒருவர் சாதிப்பது கடினம். ஒருவர் மட்டும் கூலியை உயர்த்தினால் அண்டை நிலத்தார் முகம் சுளிப்பார்கள். ஒருவர் மட்டும் உள்ளூர்ப் பொருளை வாங்கினால் குயவரின் சூளை எரியாது. ஆகவே கொள்கையைக் காக்கக் கூட்டு முயற்சி வேண்டும்.

இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில் 1844-ஆம் ஆண்டில் 28 தொழிலாளிகள் ஒன்றுகூடினர். அவர்களில் பலர் நெசவாளர்கள். கலப்பட மாவுக்கும் கள்ள நிறைக்கும் ஆளாகி நொந்தவர்கள். சிறு தொகைகளைத் திரட்டித் தாங்களே ஒரு கடையைத் திறந்தனர். மாவு, வெண்ணெய், சர்க்கரை என்று சில பொருள்களே அங்கிருந்தன. சுத்தமான சரக்கு, சரியான எடை, ஒருவருக்கு ஒரு வாக்கு, மிஞ்சும் லாபத்தை வாங்கிய அளவுக்கேற்பப் பங்கிடுதல் என்ற விதிகளை வகுத்துக்கொண்டனர். அதே கூட்டுறவு நெறியில் சென்னையிலே 1904-ஆம் ஆண்டில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. கைத்தறி நெசவாளர்களின் துணியை விற்கும் கோ-ஆப்டெக்ஸ் 1935-ஆம் ஆண்டில் உருவாயிற்று. 1999-ஆம் ஆண்டில் மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டபோது, விளைவித்தவரும் உண்பவரும் நேருக்கு நேர் நின்றனர். இடையிலே கழியும் பணத்தை மிச்சப்படுத்தினால், உழவருக்கும் கூலியாளுக்கும் சேரவேண்டியதைக் கொடுக்க வழி பிறக்கும்.

ஆகவே நாம் செய்யக்கூடிய சிலவற்றைச் சொல்லி முடிக்கிறோம்.

முதலாவது, அளவு. விற்பதற்கு ஒரு படி, கூலி அளப்பதற்கு ஒரு படி என்று எந்த வீட்டிலும் இருக்கலாகாது. பணமாகக் கொடுத்தாலும் சரி, நெல்லாகக் கொடுத்தாலும் சரி, அன்றைய கூலியை அன்றே கொடுக்கவேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒத்த வேலைக்கு ஒத்த ஊதியம் என்று 1976-ஆம் ஆண்டிலேயே நாட்டில் சட்டம் இயற்றப்பட்டது. அது களத்து மேட்டிற்கு வந்து சேர்வது நம் கையில் இருக்கிறது.

இரண்டாவது, வீட்டுக் கணக்கு. ஒரு மாதம் வாங்கிய பொருள்களை எழுதிப் பாருங்கள். உப்பும் இரும்பும் வெளியிலிருந்துதான் வரும், அதில் குற்றமில்லை. எண்ணெய், பாய், கூடை, மண்பாண்டம், துணி ஆகியவற்றில் எவற்றை நம் ஊரிலோ பக்கத்து ஊரிலோ வாங்கியிருக்கலாம் என்று பாருங்கள். அடுத்த மாதம் ஒரு பொருளையேனும் மாற்றுங்கள். பேரம் பேசும்போது, இந்த விலையில் செய்தவருக்கு ஒருநாள் உணவு மிஞ்சுமா என்று ஒரு கணம் எண்ணுங்கள். கையில் காசில்லாத ஏழை மலிவானதை வாங்கினால் அவரைக் குறை கூறலாகாது. இந்த விரதம் வசதியுள்ளவர்களிடமிருந்தே தொடங்கவேண்டும்.

மூன்றாவது, ஊராட்சி. கிராம சபை கூடும் நாள்களில் மே 1-உம் ஒன்று. அது உழைப்பாளர் தினம். அன்று ஊரில் வழங்கும் கூலி விகிதங்களை, அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலியோடு சேர்த்துச் சபையில் உரக்கப் படியுங்கள். கூலி பெறும் பெண்கள் முன்வரிசையில் அமர்ந்து கேட்கட்டும், அவர்கள் பேசட்டும். ஊராட்சி வாங்கும் பொருள்களையும், விதிகளுக்கு உட்பட்டு, உள்ளூர்க் கைவினைஞரிடமும் மகளிர் குழுக்களிடமும் வாங்க இயலுமா என்று ஆராயுங்கள்.

1935-ஆம் ஆண்டில் கதர்த் தொண்டர்கள் தங்கள் கணக்கைத் தாங்களே திருப்பிப் பார்த்தனர்; தவறு தெரிந்ததும் திருத்திக்கொண்டனர். வரும் அறுவடையின்போது நாமும் நம் படியை ஒருமுறை எடுத்துப் பார்ப்போமாக. அது சரியாக இருந்தால், நம் கொள்கையும் சரியாக இருக்கிறது என்று தைரியமாகச் சொல்லிக்கொள்ளலாம்.