யார் எழுதிய வரி?

கள்ளக்குறிச்சி மாவட்டக் கல்வராயன் மலையில், வெள்ளிமலையிலோ கரியாலூரிலோ, ஒருவர் கைபேசியில் ஓர் அரசுத் தளத்தைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பக்கம் விரிவதற்கு முன்னாலேயே, அவர் கண்ணில் படாமல், அவருடைய போன் சர்வருக்குச் சில வரிகள் எழுதி அனுப்பிவிடுகிறது. எந்தத் தளம் வேண்டும், கேட்பது எந்த பிரவுசர், எந்த மொழியில் பக்கம் வந்தால் நல்லது, சுருக்கி அனுப்பினால் விரித்துக்கொள்ளத் தெரியுமா என்பது போன்ற வரிகள். கணினிக்காரர்கள் இவற்றை ஹெடர் என்பார்கள். 1991-இல் வலை நடைபோடத் தொடங்கியபோது இதெல்லாம் கிடையாது. 'இந்தப் பக்கத்தைக் கொடு' என்ற ஒற்றை வரியோடு சரி. 1996 மே மாதம், இந்த உரையாடலுக்கான விதிமுறையான ஹெச்.டி.டி.பி. 1.0 ஆவணமாக வெளிவந்தபோது ஹெடர்கள் முறையாக இடம்பெற்றன. அடுத்த ஆண்டு வந்த 1.1 பதிப்பு, தளத்தின் பெயரைச் சொல்லும் 'ஹோஸ்ட்' வரியைக் கட்டாயமாக்கியது. ஒரே ஐ.பி. முகவரியில் நூறு தளங்களைக் குடிவைக்க முடிந்தது அந்த ஒரு வரியால்தான். நாம் பேசப்போவது, இந்த வரிகளைச் சர்வரில் உட்கார்ந்து படிக்கிற மென்பொருள் எப்படிப் படிக்க வேண்டும் என்பதைப் பற்றி.

படிப்பது சுலபம். இன்றைக்கு எந்த நிரல்மொழியை எடுத்தாலும் ஒரே கட்டளையில் ஹெடரின் மதிப்பு கைக்கு வந்துவிடும். அந்தச் சுலபம்தான் ஆபத்து என்பது என் கருத்து. கைக்கு வந்த மதிப்பு உண்மை என்று மென்பொருள் எழுதுபவர் எடுத்துக்கொண்டுவிடுகிறார். சின்னசேலம், ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு மரவள்ளிக் கிழங்கு லோடு போவதை இந்தப் பகுதி நேயர்கள் பார்த்திருப்பீர்கள். விவசாயி தன் பெயரையும் ஊரையும் சொன்னால் ஆலை அப்படியே எழுதிக்கொள்கிறது. எடையை அப்படி எழுதிக்கொள்வதில்லை. அதை எடைமேடை சொல்ல வேண்டும். மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்பதை ஆலையே அளந்து பார்க்கும். விவசாயி பொய்யர் என்பதற்காக அல்ல. காசு எதில் தொங்குகிறதோ அதை, கொடுக்கிறவன் வாய்ச்சொல்லை வைத்து முடிவு செய்யக் கூடாது என்பதற்காக. ஹெடர்களையும் இப்படித்தான் படிக்க வேண்டும். ஒவ்வொரு வரியிலும் கேட்க வேண்டியது: இதை எழுதியது யார், இது பொய்யாக இருந்தால் நட்டம் யாருக்கு?

இந்தக் கேள்வியோடு பார்த்தால், தாராளமாக நம்ப வேண்டிய வரி ஒன்று இருக்கிறது. ஆனால் அதைத்தான் பல தளங்கள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. 'அக்செப்ட்-லேங்க்வேஜ்' என்று அதற்குப் பெயர். பிரவுசரில் தமிழை முதல் மொழியாக வைத்திருப்பவரின் போன் அந்த வரியில் எழுதி அனுப்புவது ஏறக்குறைய இதுதான்: முதலில் இந்தியத் தமிழ், இல்லையென்றால் பொதுவாகத் தமிழ், அதற்கு 0.9 மதிப்பு, அதுவும் இல்லையென்றால் ஆங்கிலம், 0.8. எவ்வளவு பணிவான விண்ணப்பம் பாருங்கள். வேண்டியது இது, இல்லாவிட்டால் அது, எதுவும் இல்லையென்றால் உங்கள் விருப்பம் என்று வரிசைப்படுத்திச் சொல்கிறது. இதில் யாராவது பொய் சொன்னால் என்ன ஆகும்? பொய் சொன்னவருக்கே புரியாத மொழியில் பக்கம் வரும். சர்வருக்கு ஒரு சேதமும் இல்லை. நட்டம் முழுவதும் எழுதியவர் தலையில் விழுகிற வரியைச் சந்தேகப்பட வேண்டிய அவசியமே இல்லை.

இதை விட்டுவிட்டுப் பல தளங்கள் ஐ.பி. முகவரியை வைத்து ஊரைக் கணித்து, ஊரை வைத்து மொழியைக் கணிக்கின்றன. இரண்டு கணிப்புமே மலையில் தடுக்கி விழும். கைபேசித் தரவு, நிறுவனத்தின் ஏதோ ஒரு பெரிய மையத்தின் வழியாகத்தான் இணையத்துக்குள் நுழைகிறது; முகவரியைப் பார்த்தால் அந்த மையம் இருக்கிற நகரம்தான் தெரியும். வெள்ளிமலைக்காரர் சென்னைவாசியாகிவிடுவார், சில நேரம் வேறு மாநிலத்தவராகவும் ஆகலாம். 2019-இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் எல்லையை ஐ.பி. முகவரியில் தேடுவது வீண் வேலை. ஊரைச் சரியாகவே கண்டுபிடித்தாலும் மொழி சரியாக வரும் என்று என்ன உறுதி? ஒசூரில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். பெங்களூருவில் தமிழ் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆள் தானே சொல்லியனுப்பிய பதிலைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் வீட்டு வாசலைப் பார்த்து ஊகிப்பானேன்?

படிக்கிற தளங்களிலும் அரைகுறையாகப் படிப்பவை உண்டு. சர்வரில் 'தமிழ்' என்ற பக்கம் இருக்கும். போன் 'இந்தியத் தமிழ்' என்று கேட்கும். இரண்டும் எழுத்துக்கு எழுத்து பொருந்தவில்லை என்று மென்பொருள் ஆங்கிலத்தைக் கொடுத்துவிடும். இலங்கைத் தமிழ், சிங்கப்பூர்த் தமிழ், மலேசியத் தமிழ் என்று கேட்பவர்களுக்கும் இதே கதிதான். நாட்டுக் குறியீடு பொருந்தாவிட்டால் வலது ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக உதிர்த்துவிட்டு மொழியை மட்டும் தேடு என்று 2006-லேயே ஆர்.எஃப்.சி. 4647 என்ற இணைய நெறி ஆவணம் வழி சொல்லியிருக்கிறது. இன்னொரு சறுக்கல், இடையில் நகலைச் சேமித்து வைக்கும் கேஷ் சர்வர்களில். இந்தப் பதில் மொழிக்கு மொழி மாறும் என்று சர்வர் தன் பதிலில் 'வேரி' என்ற ஹெடரில் எழுதியாக வேண்டும். எழுதாவிட்டால் முதலில் வந்தவர் ஆங்கிலத்தில் கேட்ட பக்கம், பின்னால் தமிழில் கேட்ட அத்தனை பேருக்கும் போய்ச் சேரும்.

இங்கே ஒரு மறுப்பு வரும், நியாயமான மறுப்புதான். நம்மில் பெரும்பாலானோர் போனைக் கடையில் வாங்கியபடியே ஆங்கிலத்தில் வைத்திருக்கிறோம். ஆக 'ஆங்கிலம்' என்று வரும் ஹெடர் யாருடைய விருப்பத்தையும் சொல்வதில்லையே? உண்மை. நம் கேள்வியை இங்கேயும் போட்டுப் பாருங்கள்: அந்த வரியை எழுதியது யார்? 'ஆங்கிலம்' என்பதைப் பெரும்பாலும் போன் கம்பெனி எழுதியது. 'தமிழ்' என்பதை ஓர் ஆள் அமைப்புகளுக்குள் போய்த் தேடி, மாற்றி எழுதியது. இரண்டுக்கும் ஒரே எடை கொடுக்கத் தேவையில்லை. தமிழ் என்று வந்தால் தயங்காமல் தமிழ். ஆங்கிலம் என்று வந்தால் அது பலவீனமான சாட்சி; தமிழக அரசுத் தளம் அப்போதும் தமிழையே முதலில் வைக்கலாம். 1956-இன் ஆட்சிமொழிச் சட்டம் அந்தப் பக்கம்தான் நிற்கிறது. மேலே மொழி மாற்றும் சுட்டி இருக்கட்டும். ஒருவர் அதை ஒருமுறை அழுத்திவிட்டால் அதற்குப் பிறகு ஹெடர் பேசக் கூடாது, அவர் தேர்வுதான் பேச வேண்டும்.

இதைவிடக் கூர்மையான மறுப்பு மலையிலிருந்தே வரும். கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் தமிழ் பேசுகிறவர்கள். அவர்களில் ஒருவர் சாதிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்துக்குப் போனால், அங்கே சர்வரோடு பேசுவது அவருடைய போன் அல்ல, மையத்தின் கணினி. அந்த ஹெடரில் இருப்பது கணினியை நடத்துபவரின் மொழி. விண்ணப்பதாரர் அதில் எங்கேயும் இல்லை. ஆகவே திரை எந்த மொழியில் என்பதை ஹெடர் முடிவு செய்யட்டும். விண்ணப்பதாரருக்குப் போகும் குறுஞ்செய்தி எந்த மொழியில் என்பதை அது முடிவு செய்யக் கூடாது, அதை அவரிடம் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும்.

நம்பக் கூடாத வரிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நேரம் ஓடுகிறது. 'எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார்' என்றொரு வரி, கோரிக்கை எந்த முகவரியிலிருந்து கிளம்பியது என்று சொல்லும். இடையில் நிற்கும் ப்ராக்ஸி சர்வர்கள் ஒவ்வொன்றும் தனக்குக் கொடுத்தவரின் முகவரியை வலப்பக்கம் சேர்த்துக்கொண்டே போகும். இடது ஓரத்தில் இருப்பது அனுப்பியவரே எழுதியதாக இருக்கலாம். அவர் எதை வேண்டுமானாலும் எழுதலாம். வலது ஓரத்தில் நம் சொந்தச் சர்வர் சேர்த்ததை மட்டும் நம்பலாம். பல மென்பொருள்கள் இடது ஓரத்தை எடுத்து, 'ஒரு முகவரிக்கு இத்தனை முயற்சிதான்' என்று கட்டுப்பாடு வைக்கின்றன. விஷமக்காரன் வரியை மாற்றி மாற்றி எழுதித் தப்பித்துக்கொள்வான். மலையில் இருப்பவர்தான் மாட்டிக்கொள்வார்: பழைய வகை ஐ.பி. முகவரிகள் போதாமல் கைபேசி நிறுவனங்கள் ஒரே முகவரியைப் பலருக்குப் பங்கிடுகின்றன. ஒருவர் செய்த குற்றத்துக்கு அத்தனை பேருக்கும் கதவு சாத்தப்படும். அந்தப் பங்கீடு ஹெடரில் எந்தத் தடயமும் விடுவதில்லை, அதனால் ஹெடரைப் படித்தும் பயனில்லை. கட்டுப்பாட்டைக் கணக்குக்கோ விண்ணப்ப எண்ணுக்கோ வைப்பதே சரி.

இதெல்லாம் மிகை பயம் என்பவர்களுக்கு இரண்டு ஆண்டுகளை நினைவூட்டலாம். 2016 ஜூலையில் 'ஹெச்.டி.டி.பி.ஆக்ஸி' என்ற ஓட்டை வெளியே வந்தது. சர்வரில் நிரல்களை இயக்கும் பழைய சி.ஜி.ஐ. முறையில் ஒவ்வொரு ஹெடரும் முன்னொட்டு ஒன்றைச் சேர்த்துக்கொண்டு, 'சூழல் மாறி' எனப்படும் சர்வர் அமைப்பாக ஆகிவிடும். 'ப்ராக்ஸி' என்று ஒரு ஹெடரை எவனாவது அனுப்பினால், அது சர்வர் தானே வெளியே தொடர்புகொள்ளப் பயன்படுத்தும் அமைப்பின் பெயரோடு ஒத்துப்போனது. வெளியாள் எழுதிய வரி, வீட்டுக்காரர் எழுதிய உத்தரவாக மாறியது. 2001-லேயே பெர்ல் நூலகம் ஒன்றில் இதே ஓட்டையைக் கண்டு அடைத்திருந்தார்கள். பதினைந்து ஆண்டு கழித்து மற்ற மொழிகளில் அப்படியே இருந்தது! பிறகு 2021 டிசம்பர், பதிவேடு எழுதும் 'லாக்4ஜே' நூலகத்தின் ஓட்டை. பிரவுசர் பெயரைச் சொல்லும் 'யூசர்-ஏஜென்ட்' வரியில் ஒரு சூத்திரத்தை எழுதி அனுப்பினார்கள். சர்வர் அதைப் பதிவேட்டில் குறித்துவைக்கப் போனதே போதும், அந்த நூலகம் சூத்திரத்தை உத்தரவாக எடுத்து நிறைவேற்றியது. அந்த வரியைத் தளம் நம்பக்கூட இல்லை, வெறுமனே எழுதிவைத்தது.

'அப்படியானால் எல்லா ஹெடரையும் ஒதுக்கிவிடலாமே, மொழி உட்பட?' என்பது கடைசி மறுப்பு. அந்தரங்கக் கவலையும் இதோடு சேரும்: 2010-இல் எலக்ட்ரானிக் ஃப்ரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற இணைய உரிமை அமைப்பு நடத்திய சோதனையில், வந்த பிரவுசர்களில் 83.6 சதவீதம் மற்றவற்றோடு ஒத்துப்போகாமல் தனித்துத் தெரிந்தன. தமிழ் என்று எழுதி அனுப்புகிற போன் உலகக் கூட்டத்தில் இன்னும் எளிதாக அடையாளம் தெரியும் என்பதும் சரிதான். ஆனால் ஆபத்து படிப்பதில் இல்லை, படித்ததைச் சேர்த்துவைப்பதில் இருக்கிறது. மொழியைத் தேர்ந்தெடுக்க ஒரு கணம் பார்த்துவிட்டு மறந்துவிடுகிற சர்வரால் யாரையும் பின்தொடர முடியாது. பூட்டுப் போட வேண்டிய இடத்தில் பூட்டுங்கள். அதற்காக வாசலில் வந்து தமிழில் கேட்பவருக்குக் காது கேளாததுபோல் நடிக்க வேண்டியதில்லை.

நேயர்களே, உங்கள் பக்கத்து வேலை சின்னதுதான். பிரவுசரின் அமைப்புகளில் மொழிகள் என்றொரு பட்டியல் இருக்கும். அதில் தமிழைச் சேர்த்து முதல் இடத்துக்கு நகர்த்திவிடுங்கள். சில போன்களில் போனின் மொழியை மாற்றினாலே பிரவுசர் பின்தொடரும், சிலவற்றில் தனியாக மாற்ற வேண்டும். கல்லூரியில் கணினி படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், அவர்கள் அடுத்து எழுதும் சிறிய சர்வரில் அந்த வரியைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இந்தியத் தமிழ் என்று கேட்டாலும் இலங்கைத் தமிழ் என்று கேட்டாலும் தமிழ்ப் பக்கமே வருகிறதா என்று சோதித்துக் காட்டச் சொல்லுங்கள்.