கழுத்துக்குப் பின்னே ஓர் ஆட்டுக்குட்டி

தோளில் கிடக்கும் துண்டுக்கு என்ன பொருள் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதை யார் போடலாம், யாரைக் கண்டால் எடுத்து இடுப்பில் கட்டவேண்டும் என்று இந்த மண்ணில் நடந்த சண்டைகள் கொஞ்சமல்ல. கிறிஸ்தவக் குருமார் அணியும் ஸ்டோல் என்ற நீண்ட பட்டைத் துணிக்கும் அப்படியொரு வரலாறு உண்டு. 4ஆம் நூற்றாண்டில் லவோதிக்கேயாவில் கூடிய திருச்சங்கம், வழிபாட்டில் வேதம் வாசிக்கும் வாசகர்கள் அதை அணியக்கூடாது என்று விதித்தது. 633இல் ஸ்பெயினின் தொலேதோ நகரில் கூடிய சங்கமோ, டீக்கன்கள் எனப்படும் திருத்தொண்டர்கள் அதை இடது தோளில்தான் போடவேண்டும் என்றது. வலப்பக்கம் வேலைக்குத் தடையின்றி இருக்கவேண்டும் என்று காரணமும் சொன்னது. ஆக, சிலுவையோ மீனோ இல்லாத வெறும் துணியாக இருந்தபோதே அது ஒரு குறியீடுதான். எங்கே கிடக்கிறது என்பதே அதன் பொருள். கையால் செய்த ஸ்டோல்களை மதிப்பிடும்போது இதைத்தான் நாம் விட்டுவிடுகிறோம். என்ன படம் என்று பார்க்கிறோம், அந்தப் படம் உடம்பில் எங்கே விழுகிறது என்று பார்ப்பதில்லை.

இங்கிலாந்தின் டர்ஹம் பேராலயத்தில் ஒரு பழைய ஸ்டோல் இருக்கிறது. புனித கத்பர்ட்டின் சவப்பெட்டியை 1827இல் திறந்தபோது கிடைத்தது. பட்டும் பொன்னிழையும் கொண்டு செய்த ஊசிவேலை. அகலம் சுமார் 6 சென்டிமீட்டர், நான்கு விரற்கடையைத் தாண்டாது. அந்தக் குறுகலான இடத்தில் பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசிகள் ஒருவர் கீழ் ஒருவராக, அவரவர் பெயரோடு நிற்கிறார்கள். இரு முனைகளிலும் அப்போஸ்தலர்கள். அவர்களில் ஒருவர், மயிலாப்பூர்க்காரர்கள் நம்மவர் என்று உரிமை கொண்டாடும் தோமா. மேசையில் நீட்டி விரித்தால் பாதிப்பேர் தலைகீழாகத் தெரிவார்கள். கழுத்தில் போட்டால் இருபுறமும் எல்லோரும் நேராக நிற்பார்கள். வரைந்தவர் மேசையை நினைத்து வரையவில்லை, மனிதரை நினைத்து வரைந்திருக்கிறார். நடுவே, பிடரியில் படும் இடத்தில், கிறிஸ்துவைக் குறிக்கும் தேவ ஆட்டுக்குட்டி. எதிரே நிற்கும் யாருக்கும் அது தெரியாது. ஆனால் ஸ்டோலை அணியுமுன் குருமார் வழக்கமாக முத்தமிடுவது அந்த நடுப்பகுதியைத்தான். அதாவது, இருப்பதிலேயே பெரிய குறியீட்டைச் சுமப்பவருக்கென்று வைத்துவிட்டு, மற்றவற்றைச் சபைக்குக் கொடுத்திருக்கிறார்கள். முனைகளின் பின்பக்கத்திலும் எழுத்து உண்டு: செய்யச் சொன்னவர் ஏல்ஃபிளேட் அரசி, பெற்றவர் வின்செஸ்டர் பிஷப் ஃபிரித்தஸ்டன். இந்தப் பெயர்களை வைத்தே இது 909க்கும் 916க்கும் இடையில் செய்தது என்று கணிக்கிறார்கள். ஊசி பிடித்த கையின் பெயர் மட்டும் இல்லை.

இன்று கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் நுணுக்கமான படத்தையும் விரைவாகத் தைத்துவிடுமே, கைவேலைக்கு எதற்கு இத்தனை மரியாதை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மெஷினை நான் குறை சொல்லவில்லை. கையால் செய்தும் கெடுக்கலாம். ஆனால் மெஷினுக்குப் போகும் படம் பெரும்பாலும் தட்டையாக வரைந்த படம். தையல் அடர்ந்து, பின்னால் வைத்த தாங்குதுணியும் சேர்ந்து, ஸ்டோல் அட்டைபோல விறைத்து நிற்கும். ஆங்கிலிக்கன் திருமணங்களில் மணமக்களின் கைகளைச் சேர்த்து, குருவானவர் தம் ஸ்டோலால் சுற்றும் வழக்கம் உண்டு. விறைத்த துணி அங்கே சுற்றாது, வழுக்கிக்கொண்டு விலகும். கைவேலைக்காரர் பொன்னிழையைத் துணிக்குள் இழுக்காமல் மேலே கிடத்தி, மெல்லிய பட்டுநூலால் அங்கங்கே பிடித்து வைப்பார். துணியின் மடிப்பு பாழாகாது. எங்கே கனம் வேண்டும், எங்கே வேண்டாம் என்பது விரலுக்குத் தெரியும்: முனையில் கனம் இருந்தால் நேராகத் தொங்கும், பிடரியில் இருந்தால் கழுத்தை உறுத்தும். எழுத்து வைப்பதிலும் இதே கணக்குதான். கிரேக்க முதலெழுத்தான அல்பா, அணிபவரின் வலப்பக்கமும் கடைசி எழுத்தான ஒமேகா இடப்பக்கமும் வந்தால்தான் எதிரே இருப்பவர் அல்பா, ஒமேகா என்று வரிசையாக வாசிக்க முடியும்.

அலங்காரமே ஆகாது என்பாரும் உண்டு. அவர்களுக்கு வலுவான சாட்சி அதே தொலேதோ சங்கம்: திருத்தொண்டரின் ஸ்டோலில் வண்ணமும் பொன்னும் கூடாது என்று அது தடுத்தது. முந்நூறு ஆண்டுக்குள் டர்ஹம் ஸ்டோல் பொன்னாய் மின்னியது வேறு கதை! அந்தக் கண்டிப்பை நான் தள்ளிவிடமாட்டேன். கத்தோலிக்கத் திருப்பலியில் ஸ்டோல் பொதுவாக மேலங்கிக்கு உள்ளேதான் போகும். அங்கே நெஞ்சு நிறைய வேலைப்பாடு வீண் செலவு. மேலங்கி இல்லாத சபைகளில் அது முழுதாகத் தெரிவதால், ஆசை அங்கே எல்லை மீறுகிறது. புறா, திராட்சை, கோதுமை, கிண்ணம், தீநாக்கு எல்லாம் ஒரே துணியில் ஏறினால் எதுவும் கண்ணில் நிற்காது. தென்னிந்தியத் திருச்சபையின் சின்னத்தில் சிலுவையோடு தாமரை இருக்கிறது. அந்த வட்டத்தை அப்படியே நெஞ்சில் ஒட்டினால் பள்ளிக்கூட பேட்ஜ்தான். தண்டு முனையிலிருந்து ஏறி, பூ நெஞ்சருகே மலர்ந்தால் ஸ்டோலின் நீளமே தாமரையின் நீளமாகிவிடும். வேறு படமே வேண்டாம்.

புது ஸ்டோல் செய்யச் சொல்லும் சபையார் முதலில் கேட்பது என்ன படம், என்ன நிறம் என்பதைத்தான். அதற்கு முன், சாதாரண வெள்ளைத் துணியில் ஒன்று வெட்டி, அணியப்போகிறவர் தோளில் போட்டு, அப்பம் பிட்கிறபடி கையை உயர்த்தச் சொல்லுங்கள். குனிந்து ஒரு குழந்தையின் தலையில் கை வைக்கச் சொல்லுங்கள். துணி எங்கே மடிகிறது, எங்கே மறைகிறது, எது மேசையில் இடிக்கிறது என்று பென்சிலால் குறித்துக்கொண்டால், ஊசி எங்கே தொடங்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.