சிம்லாவுக்கு மூட்டை கட்டும் முன்

(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தில்லியில் கட்டட வேலை செய்யும் நம் குடும்பங்கள் சிலவற்றைச் சிம்லாவுக்குக் கூப்பிடுகிறார்கள். கூலி கூடுதல், தங்க இடம் உண்டு என்கிறார் மேஸ்திரி. போகவேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வேலை இருக்குமிடம் தேடித்தானே இத்தனை தூரம் வந்தோம்? ஆனால் குளிருக்கு ஒரு விலை உண்டு. அதை யார் கொடுப்பது என்று புறப்படும் முன்பே பேசியாக வேண்டும். பேசாமல் போனால் நம் கூலியிலிருந்துதான் போகும்.

சிம்லா சின்ன ஊர். 2011 கணக்கெடுப்பில் ஒன்றே முக்கால் லட்சம் பேர்கூட இல்லை. ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரம். குளிர்காலத்தில் பனி விழும். ஈரக் கான்கிரீட் உறைந்தால் வலுப்பிடிக்காது, வேலையை நிறுத்திவிடுவார்கள். நாட்கூலிக்காரனுக்கு அன்று அடுப்பு எரியாது. வாடகை நிற்குமா? விறகுச் செலவு நிற்குமா? ஆகவே சொன்ன கூலியை முப்பதால் பெருக்கி மகிழ்ந்துவிடாதீர்கள். ஜனவரியில் எத்தனை நாள் வேலை, வேலையில்லாத நாளுக்கு என்ன தருவாய் என்று கேளுங்கள்.

1979-ஆம் ஆண்டின் புலம்பெயர் தொழிலாளர் சட்டம், காண்டிராக்டர் நமக்கு இருப்பிடமும் பாதுகாப்பு உடையும் தரவேண்டும் என்றது. மாதக் கூலியில் பாதியை இடப்பெயர்ச்சிப் படியாகவும் தரச் சொன்னது. எத்தனை பேர் கையில் அது வந்தது என்பது உங்களுக்கே தெரியும்! 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு நடப்புக்கு வந்தபின் அந்தப் படி ஏட்டிலும் இல்லை. ஊர் போய்வரும் பயணப்படி இருக்கிறது. முன்பு ஐந்து பேர் இருந்தால் சட்டம் பொருந்தும். இப்போது பத்துப் பேர் வேண்டும். எனவே நாலைந்து பேராகப் பிரிந்து போகாதீர்கள். கம்பளிக் கோட்டு, பூட்ஸ், பனிநாள் கூலி மூன்றையும் எழுதி வாங்குங்கள்.

அறை பார்க்கும்போது வெயில் விழும் சரிவில் பாருங்கள். நிழல் சரிவில் வாடகை குறையலாம். மிச்சமெல்லாம் விறகுக்குப் போய்விடும்.

தாய்மார்கள் ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருக்கவேண்டும். குளிருக்குப் பயந்து கதவு, சன்னலை அடைத்துக் கரி அடுப்பை உள்ளே வைத்துத் தூங்கவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை. தூங்குபவர் விழிக்காமலே போய்விடுவார். வட இந்தியாவில் இப்படிக் குடும்பம் குடும்பமாக மாண்டிருக்கிறார்கள். படுக்கும் முன் அடுப்பு வெளியே போகட்டும்; பிள்ளைகளுக்கு இன்னொரு கம்பளி போர்த்துங்கள்.

தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள். 2015-16 குளிர்காலத்தில் குடிநீரில் கழிவுநீர் கலந்து அங்கே மஞ்சள் காமாலை பரவியது. பனிக்காலத்தில் குழாயும் உறையும். இரவே பிடித்து வையுங்கள்.

ரேஷன் பற்றிப் பலர் கேட்டீர்கள். தமிழ்நாட்டு அட்டையில் முன்னுரிமை அட்டைக்கும் அந்தியோதயா அட்டைக்கும் அங்கே தானியம் கிடைக்கும். மற்ற அட்டைக்குக் கிடையாது. பள்ளிக்கு நீண்ட விடுமுறை குளிர்காலத்தில்தான். மாற்றுச் சான்றிதழைக் கையோடு கொண்டுபோங்கள்.

இன்னொன்று. மலையில் மனை வாங்கித் தருகிறேன் என்று யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். இமாசலத்தின் 1972-ஆம் ஆண்டு நிலச் சட்டம் 118-ஆம் பிரிவின்படி, அங்கே விவசாயி அல்லாதவர் அரசு அனுமதியின்றி நிலம் வாங்க முடியாது.

போகிறவர்கள் காண்டிராக்டர் பெயர், வேலையிடம், பேசிய கூலி ஆகியவற்றைச் சங்கப் பதிவேட்டில் எழுதிவிட்டுப் போங்கள். எழுதத் தெரியாதவர்கள் சொல்லுங்கள், நாம் எழுதிக்கொள்கிறோம்.