இரத்தம் கொடுத்த மறுநாள் கடலில் இறங்கலாமா?



வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் இரத்த தான முகாம். சனிக்கிழமை விடிகாலை புதுச்சேரியில் ஸ்கூபா டைவிங். அதற்கு முன்பணமும் கட்டியாயிற்று. இரண்டும் நல்ல காரியம்தான். அடுத்தடுத்து வைத்துக்கொள்வதில்தான் வம்பு.

நம் நாட்டில் ஒருமுறைக்கு 350 அல்லது 450 மில்லி எடுக்கிறார்கள். உடம்பில் ஓடுகிற ஐந்து லிட்டர் சொச்சத்தில் அது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதிலும் நீர்ப்பகுதியான பிளாஸ்மா ஓரிரு நாளில் ஊறிவிடும். சிவப்பணுக்கள் பழைய அளவுக்கு வரத்தான் வாரக்கணக்காகும்.

கடலில் இறங்குபவருக்கு முதல் சிக்கல் அந்த நீர்க்குறைவு. கழுத்தளவுத் தண்ணீரில் நின்றாலே கால்களில் தங்கியிருந்த இரத்தம் நெஞ்சுக்கு ஏறும். உடம்பில் நீர் கூடிவிட்டது என்று சிறுநீரகம் எண்ணிக்கொண்டு அதை வெளியே தள்ளும். டைவ் அடித்தவர்கள் எல்லாரும் அறிந்த அவசரம் இது. யாரும் வெளியே சொல்வதில்லை! சிலிண்டர் காற்று ஈரமே இல்லாதது. மூச்சுக்கு மூச்சு அதிலும் கொஞ்சம் நீர் போகும். போகிற வழியில் படகு ஆடி வாந்தியும் எடுத்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

இது அடியில் இருக்கும்போது பெரிதாகத் தெரியாது. தெரிவது, திரும்பி வந்து படகின் ஏணியைப் பிடிக்கும்போது. அதுவரை உடம்பைத் தாங்கியிருந்த தண்ணீரின் அழுத்தம் விலகும். நெஞ்சுக்கு ஏறிய இரத்தம் மறுபடி கால்களுக்கு இறங்கும். முதுகில் சிலிண்டர், இடுப்பில் ஈயக்கட்டி, காலடியில் அலை. அங்கே கண் இருட்டினால், பிடி நழுவித் திரும்பக் கடலுக்குள்தான்.

இன்னொன்று நைட்ரஜன். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையில் இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. அதனால் சுவாசிக்கும் நைட்ரஜன் கூடுதலாகத் திசுக்களில் கரைகிறது. மேலே வரும்போது அதை நுரையீரலுக்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டியது இரத்த ஓட்டம். நீர் வற்றிய உடம்பில் அந்த வேலை சுணங்கலாம். குமிழிகள் உண்டாகி மூட்டுவலி, மரத்துப்போதல், இயல்புக்கு மீறிய அசதி என்று படுத்தலாம். இரத்தம் கொடுத்தவருக்கும் அசதி வருவதுண்டு. எது எதனால் என்று படகில் யார் பிரித்துச் சொல்வது? அசதிதானே என்று விட்டுவிடுவதுதான் ஆபத்து. அதனால் டைவ் மாஸ்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

குறைந்தது 24 மணி நேரம் பொறுக்கவேண்டும். என்னைக் கேட்டால் இரண்டு நாள். மோரும் இளநீருமாக நன்றாகக் குடித்து, ஊசி குத்திய இடமும் ஆறியிருக்க வேண்டும். அதன்பிறகும் தலை லேசாக இருந்தால் இறங்கவே வேண்டாம். நீரோட்டத்தை எதிர்த்து நீந்தவேண்டிய இடங்களைச் சில வாரம் தள்ளிப்போடுங்கள். சிவப்பணு குறைந்திருக்கும்போது சீக்கிரம் மூச்சு வாங்கும். தூத்துக்குடிச் சங்கு குளிப்பவர்கள் அந்தக் காலத்தில் செய்ததுபோல மூச்சடக்கி மூழ்குகிறவர்களும் அப்படியே. சிலிண்டர் இல்லாதவருக்கு இரத்தத்திலுள்ள ஆக்சிஜனும் கையிருப்பில் பெரும்பங்கு.

எல்லாவற்றையும்விடச் சுலபம், வரிசையை மாற்றுவது. அந்தமானுக்கு டைவிங் போகிறீர்களா? போய் வந்து கொடுங்கள். பல நாள் டைவ் அடித்தவர் விமானம் ஏறுவதற்கு எப்படியும் 18 மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். அதன்பின் சென்னை வந்து, ஓர் இரவு தூங்கி, காலை இட்லியும் சாப்பிட்டுவிட்டு இரத்த வங்கிக்குப் போகலாம்.